பேட்டரி தீராத ஒரு ஞாயிறு

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, தம்பிக்கு ஆறு வயது. இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஜெனரேட்டர் கரண்டு சாயங்காலம்தான் வரும். பகலில் டிவி பார்க்க ஒரே வழி, கடைசி வீட்டு லோரிக்கார மாமா. அவர் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி லோரி பேட்டரியில் ஓடும். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முகமூடி போட்ட பறக்கும் வீரன் ஒருவனின் கார்ட்டூன். பேசுவது இங்கிலீஷ், கீழே ஓடுவது மலாய் எழுத்து. எங்களுக்கு இரண்டுமே அரைகுறைதான். எழுத்தைப் படித்துச் சின்னதுகளுக்குக் கதை சொல்லும் பொறுப்பை நானாகவே பெரிய மனுஷி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். புரியாத இடத்தில் என் சொந்தச் சரக்கைக் கலந்துவிடுவேன். யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த பேட்டரியை மட்டும் நம்பவே முடியாது. சார்ஜ் குறைந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கி, தபால்தலை அளவுக்கு வந்து, அணைந்துவிடும். பாதிக் கதைகளுக்கு எங்களுக்கு முடிவே தெரியாது. எப்படியும் நான் கடைசி வரை உட்கார முடியாது. அம்மா ஞாயிற்றுக்கிழமையும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, வரக்கோப்பியும் ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பி, பத்து மணிக்கு நான் அம்மா பால் வெட்டும் மர வரிசையில், அவருடைய நிரையில், இருக்க வேண்டும். விடியுமுன் அவர் கொண்டுபோகும் தண்ணீர் அதற்குள் தீர்ந்திருக்கும்.

அதற்கு முந்தைய வாரம் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். உடைந்த பாலத்தில் ஒரு பள்ளிப் பேருந்து தொங்குகிறது, உள்ளே முழுக்கப் பிள்ளைகள். வீரனையோ வில்லன் எங்கோ ஒரு பனிமலையில் கட்டிப்போட்டிருக்கிறான். அவன் நேரத்துக்கு வருவானா மாட்டானா என்று ஒரு வாரம் பள்ளியில் வேறு பேச்சே இல்லை.

அன்று பத்து நிமிடம் ஆனதும் எழுந்திருக்க மனம் வரவில்லை. எப்படியும் பேட்டரி பாதியில் போய்விடும், அணைந்ததும் கிளம்பிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமா முந்தின நாள்தான் பகாவுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், அது எனக்குத் தெரியாது. படம் சுருங்கவே இல்லை. அணைந்துவிடக் கூடாது என்று வேறு வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் என் வேண்டுதல் உடனே பலித்தது அந்த ஒருமுறைதான்.

வீரன் வந்துவிட்டான். பேருந்து ஆற்றில் விழ இருந்த கடைசி நொடியில் தூக்கிப் பிடித்தான். எல்லோரும் கைதட்டினோம். மணி பத்தைத் தாண்டியிருந்தது. தம்பியை விட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். ரப்பர் காட்டுக்குள் போய்ச் சேரும்போது பத்தரை இருக்கும்.

அம்மா ஒரு மரத்தடியில், தலைத்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. வாளியில் பால் உறைந்துவிடாமல் இருக்கச் சில சொட்டு அமோனியா விடுவார்கள். வெயிலில் சூடேறிய அந்தப் போத்தலைத் திறந்ததும் மூடி தெறித்து, மருந்து வலது கண்ணுக்குள் பீய்ச்சி அடித்திருக்கிறது. கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்து நிரைகளில் ஆளும் இல்லை.

சைக்கிள் சத்தம் கேட்டதும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். போத்தல் முழுவதையும் ஊற்றினேன். அவசரத்தில் பாதி அவர் சட்டையில்தான் விழுந்தது. ரோட்டுப் பக்கம் நடந்து வந்திருக்கலாமே என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"நீதான் எப்பவும் பத்துக்கு வந்துருவியே. இந்தா வந்துருவா, இந்தா வந்துருவான்னு உக்காந்துட்டேன்லா" என்றார்.

அவரைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் கண்ணை நெடுநேரம் கழுவினார். மருந்து பட்டதும் ஏன் தண்ணீர் ஊற்றவில்லை, தாமதம் ஆக ஆகக் கண்ணை அரித்துவிடுமே என்று சத்தம் போட்டார். அவருக்குப் பயந்து, வரும் வழியில் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது என்று சொன்னேன். அதற்கு முன்பே வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளின் செயினில் விரல்களைத் தேய்த்துக் கறுப்பாக்கிக்கொண்டுதான் உள்ளே போயிருந்தேன். பதினொரு வயதில் எனக்கு அந்தப் புத்தி இருந்தது. அம்மா கண்ணைத் திறக்க முடியாமல் படுத்தபடியே கையை நீட்டி என் விரல்களைத் தடவினார்.

"கை நசுங்கலியே?" என்று கேட்டார்.

அன்றைக்கே அவரைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெடாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அப்பா செய்தி கேட்டு நேராக அங்கே ஓடினார். அடுத்த ஞாயிறு எங்களையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். வலது கண் இனித் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை வழியிலேயே சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வார்டில் அம்மா கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தார். அப்பா நர்ஸிடம் ஏதோ கேட்கப் போன நேரம், தம்பி கட்டிலில் ஏறி உட்கார்ந்து கார்ட்டூன் கதையை ஆரம்பித்துவிட்டான். பாலம், பேருந்து, பனிமலை எல்லாம் ஒன்று விடாமல் வந்தது. போன வாரம் பார்த்ததா என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றான். அவனுக்குத்தான் எழுத்து படிக்கத் தெரியாதே, இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"அக்கா கடைசி வரைக்கும் இருந்துச்சு மா. அதுதான் படிச்சுப் படிச்சு சொல்லுச்சு" என்றான் பெருமையாக.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த வீரன் நேரத்துக்கு வந்துட்டானா?"

"வந்துட்டான் மா. புள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"நல்லது" என்றார் அம்மா.

அப்பா திரும்பி வந்ததும் அம்மா வேறு பேச்சை எடுத்தார். அதன் பிறகு ஒற்றைக் கண்ணோடு பால் வெட்டச் சரிப்படாமல், புல் பிடுங்கும் வேலைக்கு மாறிவிட்டார். யார் கண்ணைப் பற்றிக் கேட்டாலும், "புள்ள வர்ற வழியில செயின் கழண்டுருச்சு, அது என்னா செய்யும்" என்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பா போகும்வரை அவருக்கும் அந்தச் செயின் கதைதான் தெரியும். அம்மா போய் இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. நான்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒருமுறையாவது வாய்திறந்து சொல்லியிருக்கலாம். எத்தனையோ முறை ஆரம்பிக்கப் போய், சோறு போடட்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

எங்கே போனாலும் அரை மணி நேரம் முன்னதாகவே போய் நிற்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். அன்று அம்மா எனக்கு ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால், இந்த வயதுக்குள் நான் அதை மறந்தே போயிருப்பேன்.