குங்கிலியம் மணந்த திரேசம்மா அக்கா

செய்தியைக் கொண்டுவந்தவர் மீன்காரர். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டி வருபவர், அன்று ஆஸ்பத்திரி வாசலில் மணியடிக்கவில்லை. சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "மிசி, திரேசம்மா அக்கா மோசம் போயிட்டா. காலமை நெஞ்சுக்குள்ளை நோகுதெண்டு சொன்னவாவாம். கோப்பி ஊத்திக் குடுக்கிறதுக்கிடையிலை முடிஞ்சுதாம்" என்றார். அக்கா விடுமுறையில் அங்கே தம்பி வீட்டுக்குப் போனவர். திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் காய்ச்சல்காரருக்குக் குளிசை கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டுப் பேருக்கும் கொடுத்து முடித்தபின்தான் கதிரையில் உட்கார்ந்தேன்.

குளத்தை நம்பி எழுந்த குடியேற்றத்தின் நடுவே இருந்த எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் அவர் மருத்துவிச்சி, நான் தாதி. அவர் கடற்கரைக் கத்தோலிக்கர். நான் வடமராட்சிச் சைவக்காரி. ஒரே குவாட்டர்ஸ், ஒரே குசினி, ஒன்பது வருடம். அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் குங்கிலிய மணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவர் வந்தபின் வரும் மணமல்ல அது. அவருக்கு முன்னே வந்து, அவர் போனபின்னும் நிற்கும்.

ஞாயிறு மத்தியானத்தில் சேலைகளைத் தோய்த்துக் காயவைத்து எடுப்பார். சட்டியில் தணல் போட்டு, குங்கிலியத்தையும் சாம்பிராணியையும் இடித்துத் தூவி, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் சேலையை விரித்துவிடுவார். குவாட்டர்ஸ் முழுக்கப் புகை. நான் இருமிக்கொண்டு யன்னலைத் திறப்பேன். முதல் வருடத்திலேயே கேட்டேன்: "அக்கா, உங்களுக்கு ஒரு மல்லிகைப்பூ சென்ற் வாங்கித் தரட்டோ?"

"பூ மணம் கலியாண வீட்டுக்கு, தங்கச்சி. நாங்கள் ரத்த வாடையோட நிக்கிற ஆக்கள். பூ அதை மறைக்கத்தான் பாக்கும். குங்கிலியம் மறைக்காது, எதிர்த்து நிக்கும்" என்றார்.

அவருடைய குணமும் அதுதான். இனிப்பாகப் பேசத் தெரியாது. வலியில் கத்துகிற பெண்ணிடம் "கத்தடி, கத்து. ஆனா மூச்சை விட்டிட்டுக் கத்து" என்பார். அந்த மணத்தைப்போல முதலில் கசக்கும், மூக்கு பழகியபின் அது இல்லாமல் இருக்க முடியாது. குடியேற்றத்துப் பெண்கள் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கும் சேய்க்கும் சாம்பிராணிப் புகை காட்டுவது அவர்களுடைய வழக்கம். அக்காவின் சேலை மணத்தாலே பாதிப் பிள்ளை பிறந்துவிட்டது என்று சிரிப்பார்கள்.

கடற்கரையில் கதை வேறு. கொக்கிளாயிலிருந்து ஒரு மருமகளைக் கூட்டிவந்த மாமியார், அக்கா கட்டிலருகே வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "ஐயோ, இது பூசையிலை சவப்பெட்டிக்குத் தூபம் காட்டுற மணமெல்லோ! என்ரை மனிசனை எடுத்த நாளிலை மணந்த மணம். எனக்கு இந்தப் பிள்ளையை இஞ்சை விட ஏலாது" என்றார். ஒரு வழியாகச் சமாளித்தோம், பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. ஆனால் அன்று மாலை நான் அக்காவிடம் சொன்னேன்: "ஆக்கள் பயப்பிடுகினம். இனி இந்தப் புகையை விடுங்கோ அக்கா."

உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். கொக்கிளாய் அம்மா எனக்கு ஒரு சாட்டு. அந்த மாதம் முழுவதும் காய்ச்சல்காரர், உதவிக்கு ஆளில்லை, எனக்குத் தலையிடி. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் புகைக்குள் போவதை என்னால் தாங்க முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஊரின் தலையில் போட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சரி. நீர் நல்லா நித்திரை கொள்ளும்" என்று மட்டும் சொன்னார். கூடை குசினி மூலைக்குப் போயிற்று.

ஆறேழு கிழமைக்குப் பின், மழைக்காலத்தில், பவளம் வந்தாள். விசுவமடுப் பக்கத்துக் கமக்காரரின் மனைவி. மூத்தவனையும் அக்காவே பெறுவித்தவர். இந்த முறை உடம்பெல்லாம் வீங்கி, வந்த இடத்திலேயே வலிப்பு வந்தது. தெளிந்தபோது கண் தெரியவில்லை. வெள்ளத்தில் றோட்டு அறுந்துகிடந்ததால் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றவும் வழியில்லை. ஊசி போட வேண்டும், அசையாமல் கிடக்க வேண்டும். இன்னொரு வலிப்பு வந்தால் இரண்டு உயிரும் போய்விடும். பவளமோ தொட்ட கையையெல்லாம் தட்டிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள்.

"திரேசம்மா அக்காவைக் கூப்பிடுங்கோ! அவா எங்கை?"

"நான்தான் பிள்ளை, பக்கத்திலைதான் நிக்கிறன்."

"பொய்! அவா எண்டால் மணக்கும். நீங்கள் ஆரோ ஆள். என்னைத் தொடாதேங்கோ!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மழைக்குள் குவாட்டர்ஸுக்கு ஓடி அவருடைய அலுமாரியைக் கலைத்தேன். அடித்தட்டில், தோய்க்காமல், பழைய புகையோடு ஒரு தவிட்டு நிறச் சேலை கிடந்தது. நனையாமல் நெஞ்சோடு பொத்திக்கொண்டு வந்து கொடுத்தேன். அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார். பவளம் தலைப்பைப் பிடித்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். "எங்கை போனனீங்கள் அக்கா?" என்று அழுதாள். பிறகு கையை நீட்டினாள். ஊசி போட்டேன்.

பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் பவளத்துக்குக் கண் தெரிந்தது. அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது, "நல்லகாலம், எல்லாத்தையும் தோய்க்காமல் பஞ்சியிலை ஒண்டை விட்டிட்டன்" என்றார். அடுத்த ஞாயிறு நானே தணல் போட்டேன். ஆனாலும் கடைசிவரை இருமினேன், யன்னலையும் திறந்தேன்.

அடக்கத்துக்குப் போனோம். குடியேற்றத்துப் பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சாமியார் பெட்டியைச் சுற்றித் தூபம் காட்டினார். அந்தப் புகை எழுந்ததும் என் பக்கத்தில் நின்ற பவளம் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் விளங்கி, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் தம்பி, "இது உங்களிட்டைத்தான் இருக்கவேணும்" என்று அக்கா கொண்டுபோன பையிலிருந்து குங்கிலிய டப்பாவையும் அந்தத் தவிட்டு நிறச் சேலையையும் என்னிடம் தந்தார். மற்றச் சேலைகளை அந்தியேட்டி, முப்பத்தொன்று என்ற செத்தவீட்டுச் சடங்குகளில் சைவக்காரர் நாங்கள் தானம் கொடுப்பதுபோல அவர்களும் பிறகு தங்கள் முறைப்படி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வந்த ஞாயிறு என் சேலையைக் கூடையின்மேல் விரித்தேன். அதே டப்பா, அதே சட்டி. திங்கட்கிழமை வார்ட்டுக்குப் போனேன். பரிசோதனைக்கு வந்திருந்த பவளம் மோந்து பார்த்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "மிசி, கோவியாதேங்கோ. உங்களிலை இது சோறு அடிப்பிடிச்ச மாதிரி மணக்குது. நீங்கள் டெற்றோலோடையே இருங்கோ."

அவள் சொன்னது சரி. நான் மறைக்கப் பார்க்கிற ஆள். அந்த மணம் அப்படிப்பட்டவர்களில் ஒட்டாது.

பவளத்துக்கு இது மூன்றாவது. ஆவணியில் நாள். வீக்கம் இப்போதே தொடங்கிவிட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது. போகும்போது திரும்பி வந்து கையைப் பிடித்தாள். "அக்கான்ரை சீலையைப் பத்திரமா வைச்சிருங்கோ மிசி. திறந்து திறந்து பாத்து மணத்தைப் போக்கிப்போடாதேங்கோ. எனக்கு வேணும்."

"ஓம்" என்றேன்.

சேலையை ஒரு பிஸ்கற் பேணிக்குள் மடித்து வைத்து, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன். பேணி என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. களைத்து வந்து படுக்கும் நேரங்களில் கை தானாக அந்தப் பக்கம் போகிறது; கையை இழுத்துக்கொள்கிறேன். ஒன்பது வருடம் யன்னலைத் திறந்து நான் விரட்டிய மணம் அது. ஆவணி வரைக்கும் நான் அதைத் திறக்கக்கூடாது.