ரிமார்க்ஸ் கட்டத்தில் ஒரு லெஃப்ட்

1. பெட்டி வந்தது

திருவண்ணாமலையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் பி.டி. மாஸ்டர். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு ஒரு சர்க்குலரை நீட்டினார். பதினைந்து நாளில் ஊருக்கு ஒரு பேஸ்பால் டீம் வேண்டும். வேலூரில் மாவட்டப் போட்டி.

"பேஸ்பால்னா என்னா சார்?" என்றேன்.

"கிரிக்கெட் மாதிரிதாங்க. ஸ்டம்பு கெடையாது, அதனால செலவு கம்மி. செஞ்சுடுங்க."

கூடவே ஒரு பெட்டி. அதில் ஒரு மட்டை, இரண்டு பந்து, ஒரு கிளவுஸ். விதிப்புத்தகம் பின்னால் வரும் என்று எழுதியிருந்தது. நான் ரிட்டயர் ஆகும்வரை வரவில்லை. கிளவுஸைத் தலைமையாசிரியர் ஸ்டாக் ரிஜிஸ்தரில் ஏற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆடினால் தேய்ந்துவிடுமாம்.

ஊரிலிருந்த கபடிக்காரர்கள் எட்டுப் பேரைப் பிடித்துவிட்டேன். பந்து வீசத்தான் ஆள் இல்லை.

2. மண்டியில் பார்த்தது

கீழ்பென்னாத்தூரில் ஒரு வேர்க்கடலை மண்டி. வேர்க்கடலை என்றால் அங்கே யாருக்கும் புரியாது, மல்லாட்டை என்று சொல்ல வேண்டும். களத்தில் காய்ந்த மல்லாட்டையில் ஒரு குரங்கு இறங்கியது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் கல்லை விட்டான். கல் குரங்கின் மேல் படவில்லை, மூக்குக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. மூன்று கல், மூன்றும் அதே இடம். மூன்றும் இடதுகை.

பெயர் ஏழுமலை. வயது இருபத்து நாலு. விஷயத்தைச் சொன்னதும் ஒன்றுதான் கேட்டான்.

"ஸ்டேட் டீமுல ஆடினா கோட்டாவுல கண்டக்டர் வேலை தருவாங்களா சார்? எங்கப்பாவுக்கு மூட்டை தூக்கியே முதுகு போச்சு."

"தருவாங்க. இருபத்தஞ்சு வயசுக்குள்ள சர்டிபிகேட் இருக்கணும்," என்றேன். அதாவது ஒரே ஒரு வருஷம்.

தலைமையாசிரியர்தான் முகத்தைச் சுளித்தார். "பீச்சாங்கையிலயா பந்து போடுவான்? பெரிய ஆபீசருங்கல்லாம் வர்றாங்க சார்."

"சோத்துக்கு வேற கை வெச்சிருக்கேங்க," என்றான் ஏழுமலை.

3. வேலூர்

எங்கள் ஆட்கள் பந்தை அடித்துவிட்டு மட்டையோடு ஓடினார்கள். ஒருவன் எதிராளியைத் தொட்டுவிட்டு "கபடி, கபடி" என்று திரும்பி வந்தான். அம்பயருக்கும் விதி தெரியாததால் எதையும் தப்பு என்று சொல்லவில்லை.

ஆனால் ஏழுமலையின் வீச்சு வேறு ரகம். பந்து வெளியே போவதுபோல் வந்து உள்ளே திரும்பியது. அடிக்க நின்றவர்கள் ஆளுக்கு மூன்று முறை காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த செலக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"லெஃப்ட்டுங்களா! நம்மகிட்ட லெஃப்ட்டே கெடையாது. ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணிக் குடுங்க, நான் எடுத்துக்கறேன்."

பூர்த்தி செய்தேன். ரிமார்க்ஸ் கட்டத்தில் பெருமையோடு 'லெஃப்ட்' என்று இங்கிலீஷில் எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். மெட்ராஸ்காரர் கையில் கொடுத்திருக்கலாம். முறைப்படி போகட்டும் என்று வேலூர் ஆபீஸில் கொடுத்தேன்.

4. லிஸ்ட்

ஸ்டேட் டீம் லிஸ்டில் ஏழுமலை இல்லை. காட்பாடி பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பஸ் பிடித்து வேலூர் போனேன்.

கிளார்க் ஃபாரத்தை எடுத்துப் போட்டார். "நீங்கதான சார் லெஃப்ட்னு எழுதிக் கீறீங்க? டீமை உட்டுப் போனவனை எப்படி எடுக்கறது?"

படிப்பை நிறுத்தும் ஒவ்வொரு பையனின் பெயருக்கு நேராகவும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் அதே வார்த்தையை, அதே சிவப்பு மையில், பன்னிரண்டு வருஷமாக எழுதிவந்தவன் நான்.

"அது இடதுகைங்க. சரி, காட்பாடிப் பையனை எதைப் பாத்து எடுத்தீங்க?"

"அவனுக்கு ரைட்னு போட்டிருந்துச்சு. அவங்க மாஸ்டரே ரைட்னு சொன்னப்புறம் நாம என்னா சொல்றது?"

திருத்தச் சொன்னேன். போனவன் திரும்பச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வேண்டும் என்றார். எங்கும் போகாத ஒருவன் திரும்பி வந்துவிட்டான் என்று கைப்பட எழுதி, தலைமையாசிரியரிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தேன். அது மேஜை மேஜையாக ஏறி ஒப்புதல் வருவதற்குள் டீம் ரயில் ஏறிவிட்டது. அடுத்த போட்டி வருவதற்குள் ஏழுமலைக்கு வயது தாண்டிவிட்டது.

இளம் பி.டி. மாஸ்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'இடதுகை ஆட்டக்காரர்' என்று முழுதாக, தமிழில் எழுதுங்கள். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், வேலை கம்மியாக இருக்கிற அர்த்தத்தைத்தான் ஆபீஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆபீஸை மட்டும் திட்டி நான் தப்பிக்க முடியாது. அந்தச் சிவப்பு மை என்னுடையது.

மண்டிக்குப் போய் அவனிடம் சொன்னேன். முதுகில் மூட்டையோடு நின்றே கேட்டான். நீ டீமை விட்டுப் போய்விட்டதாக எழுதிவிட்டேன், ஏழுமலை, என்றேன்.

"நான் எங்க சார் போனேன்?" என்றான். "இங்கியேதான கீறேன்."