கிழங்கைக் கடித்துப் பார்க்கும் வேலை

பிற்காலத்தில் மசாலைத்தூள் கம்பெனி ஒன்றில் என் மேசைமேல் ‘கொள்முதல் மேலாளர்’ என்று பலகை வைத்தார்கள். மல்லி, மிளகாய், மஞ்சள் எது வந்தாலும் நான் வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் லாரியிலிருந்து மூட்டை இறங்கும். புதிதாகச் சேரும் படித்த பிள்ளைகள், “ஆன்ட்டி, இந்த வேலைய எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்பார்கள். “காஜா பேராங்கில், ஜப்பான்காரன்கிட்ட” என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அந்த வேலை என் வீட்டுக்காரருடையது. மலாக்காவில், காஜா பேராங் பகுதியில் இருந்த மிளகாய் அரைக்கும் மில்லில் சரக்கு வாங்கும் பொறுப்பு அவருக்கு. கப்பலில் வந்த மல்லியை ஒரு சிட்டிகை மென்றுவிட்டு, பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைக்காரர்கள் அவரை ஏமாற்றப் பார்த்து அலுத்துப்போனவர்கள். நாக்கைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. என் குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் புருவம் ஏறும். அந்தப் புருவத்தை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்!

ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது. மில்லை அவன் எடுத்துக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கு மாவு அரைக்கச் சொன்னான். அரிசி கண்ணில் படாத காலம் அது. செங், குருபோங் பக்கத்துக் கம்பங்களில் கிழங்கு பயிரிடும் கிராமத்துக்காரர்கள் சைக்கிளில் கிழங்கு கட்டிக்கொண்டு வருவார்கள். கிழங்கில் இரண்டு வகை. இனிப்பு வகையை அவித்துத் தின்னலாம். கசப்பு வகை விஷம். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால்தான் அடங்கும். அவ்வளவு நாள் காத்திருக்க ஜப்பான் அதிகாரிக்குப் பொறுமை இல்லை. கசப்பு மில்லுக்குள் வரக்கூடாது, வந்தால் வாங்கினவனுக்குத் தலை இருக்காது என்று உத்தரவு போட்டுவிட்டான். கசப்பு வகைதான் நிறைய விளையும். அதனால் விற்கிறவர்கள் மேலே இனிப்பு, அடியில் கசப்பு என்று கட்டிக்கொண்டு வருவார்கள். தோலைப் பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட முடியாது, கடித்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்காக அவர் கையில் ஜப்பான் எழுத்துப் போட்ட துணிப்பட்டை ஒன்று கட்டியிருந்தார்கள். அது இருக்கும்வரை அவரைச் சயாமுக்குப் பிடித்துப்போக மாட்டார்கள். அங்கே ரயில் பாதை போட ஆள் தேடி லாரி வந்துகொண்டே இருந்தது. எங்கள் தெருவில் வீடு வீடாக ஆண்குரல் அடங்கியது. மீன் வாங்கப் போனவர், முடிவெட்டப் போனவர், ஒருவரும் திரும்பவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் என் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவர் நாக்கு போயிற்று. சத்தில்லாமல் தின்றதால் வந்த வியாதி, ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. முதலில் கால் வீங்கியது. பிறகு நாக்கு சிவந்து, வழவழப்பாகி, மரத்துவிட்டது. ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். நாக்கு என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, “லேசா மந்தம், சரியாயிடும்” என்றார். மறுநாளும் அதையே சொன்னார். கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சரியாகிக்கொண்டேதான் இருந்தது.

நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாளிடம் விட்டுவிடுவேன். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்த குடும்பம், அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் கொஞ்சுவார். தூக்குச்சட்டியில் சாப்பாட்டோடு காலையிலேயே மில்லுக்குப் போய்விடுவேன். வீட்டுக்குக் கிழங்கு வாங்குகிறவள் மாதிரி விற்கிறவர்களோடு குந்தி, பேரம் பேசி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டைக் கடித்துத் துப்புவேன். கசந்தால் முந்தானையை இழுத்துத் தோளில் போடுவேன். பிறகு அவர் வந்து, ஊருக்காகக் கடித்து, பெரிதாக யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். அந்த நடிப்பைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு முட்டும். சிரித்தால் செத்தோம்.

அதிகாரி ஒன்றும் முட்டாள் இல்லை. பகல் சாப்பாடு ஏன் காலையில் வருகிறது என்று மில்லில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டிருக்கிறான். கிராணி தமிழர், நல்ல மனிதர். புருஷன்மேல் அவ்வளவு பாசம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். ஆனால் சரக்கைத் திருப்பி அனுப்பியதில் ஆத்திரப்பட்டு விற்கிறவர்களில் யாரோ எங்களைப் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அதன்பிறகு அதிகாரி தினமும் முற்றத்துக்கு வந்து நின்றான். திட்டமாட்டான், அடிக்கமாட்டான். என் முந்தானையையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒரு காலையில் முற்றத்தில் மேசை போட்டிருந்தது. என்னைத் தூணோரம் நிறுத்தி, பக்கத்தில் ஒரு சிப்பாயை நிறுத்தினார்கள். மேசையில் தோலுரித்த இரண்டு கிழங்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதிலிருந்து நறுக்கிய துண்டுகள். இனிப்பா கசப்பா என்று அதிகாரி அரைகுறை மலாயில் கேட்டான்.

என் வீட்டுக்காரர் முதல் துண்டை மென்றார். “மானிஸ்” என்றார். இனிப்பு. அதிகாரி தலையசைக்கவில்லை. அடுத்த கிழங்கின் துண்டை மென்றார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். சிப்பாயின் கை என் தோள்மேல் இருந்தது. “மானிஸ்” என்றார் மறுபடியும்.

அதிகாரி அந்த இரண்டாவது கிழங்கை எடுத்து முழுசாக அவர் கையில் கொடுத்தான். இனிப்புதானே, சாப்பிடு என்று கைகாட்டினான்.

அவர் சாப்பிட ஆரம்பித்தார். பச்சைக் கிழங்கு நறநறவென்று பல்லில் அரைபட்டது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கசப்பாக இருந்தால் ஆள் விழ அந்த ஒரு கிழங்கு போதும். சிப்பாயின் கையை உதறி, தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மேசையில் மிஞ்சியிருந்த துண்டை என் வாயில் போட்டேன். தொண்டைவரை கசந்தது. அவர் கையைத் தட்டிவிட்டு, “துப்புங்க! துப்புங்க!” என்று கத்தினேன். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். இன்றைக்கு நடந்தாலும் அதைத்தான் செய்வேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதிகாரி சிரித்தான். இன்னும் கிழங்குகள் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினான். நான் சொல்லச் சொல்ல அவனுக்கு அவ்வளவு திருப்தி. பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னான். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“தங்கச்சி, ஒங்கள வேலைக்கு எடுத்துக்கிட்டாராம். நாக்கு உள்ள ஆளு ஒருத்தர் போதுமாம். அண்ணன் இனிமே வேணாமாம்.”

பட்டையை அவிழ்த்து என் கையில் கட்டினார்கள். வாசலில் மாவு ஏற்றிக்கொண்டிருந்த லாரியிலேயே அவரை ஏற்றி, மூட்டைமேல் உட்காரவைத்தார்கள். லாரி எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. நான் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் குனிந்தார்.

“ரெண்டாவது கெழங்கு கசந்துச்சா?”

“கசந்துச்சுங்க.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

“எனக்குத் தண்ணி மாதிரிதான் புள்ள இருந்துச்சு. ரொம்ப நாளாவே அப்படித்தான்.”

அதுவரை ஒருமுறைகூட அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை. சயாமுக்குப் போகிறோம் என்று கலங்காத மனிதர், அதைச் சொல்லிவிட்டு அழுதார். நான் பதில் சொல்வதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. அவர் திரும்பி வரவேயில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.