ஐம்பத்திரண்டாம் மாடியில் ஒரு கும்பிடு

துபாயில் கான்கிரீட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடக் கூடாது என்று ஐஸ் போட்டுக் கலக்கி, லாரி வந்து நின்றதும் தெர்மாமீட்டரைச் செருகுவார்கள். சூடு கூடுதலாக இருந்தால் முழு லாரியும் திரும்பிவிடும். அதே வெயிலில் கம்பி கட்டுகிறவனின் நெற்றியை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

நான் போர்மேனாக இருந்த கட்டடம் ஐம்பத்திரண்டு மாடி. கீழே ஆறு மாடிகளில் கடைகளும் அலுவலகங்களும், அதற்கு மேல் எல்லாம் வீடுகள். திருத்தணியில் என்னோடு கம்பி கட்டிக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரரை, எங்கள் பேச்சில் பாவாவை, நான்தான் இங்கே வரவழைத்தேன். எங்கள் பக்கம் தளம் போடும் அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் முதல் சட்டி கலவை விழும். நானும் எத்தனையோ தளங்களில் அப்படிக் கும்பிட்டவன்தான்.

கடைசித் தளம் போட்ட காலையில் பாவா ஷூவைக் கழற்றி விளிம்போரம் ஜோடியாக வைத்தார். மலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் கடலைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடினார். வெள்ளைக்காரப் பாதுகாப்பு அதிகாரி பாய்ந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்து இழுத்தார். குதிக்கப் போகிறார் என்று நினைத்துவிட்டார். ஏன் இப்படிச் செய்தார் என்று என்னிடம் கேட்டார். எங்கள் வழக்கம் என்று சொல்லியிருந்தால், ஆளை வெறுங்காலில் நிற்க விட்ட போர்மேன் நான் என்றாகி என் வேலை போயிருக்கும். தெரியாது என்றேன். ஆங்கிலம் புரியாத பாவா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மனநிலை சரியில்லை என்று எழுதி அந்த வாரமே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு முன்னால் செய்தி அவர் ஊரான அம்மையார்குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பொதட்டூர்பேட்டையில் பேசி முடித்திருந்த அவர் மகளின் சம்பந்தம், பைத்தியக்காரன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று நின்றுபோனது. அக்காவுக்கு நான் செய்தது தெரியாது, போனில் இன்னமும், சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறாள். பாவா ஒரே ஒரு முறை போனை வாங்கிப் பேசினார்.

“சாமி கும்ட்டுகினு இருந்தாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல மச்சான். நீயும் கும்புடறவன்தான?”

போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னை எனக்கே பிடிக்கவில்லை.

இப்போது அந்த வீடுகளில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். எனக்கு ஒரு மாத விடுப்பு பாக்கியிருக்கிறது. விண்ணப்பத்தில் ஊரில் தங்கும் முகவரியை எழுத வேண்டும். அப்பா, அம்மா போன பிறகு அக்கா வீட்டு முகவரியைத்தான் எழுதுவேன். இந்த முறை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். முகவரி இல்லாமல் அனுமதி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதமாகப் படிவம் என் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.