இல்லாத வீட்டுக்கு ஒரு குளியலறை

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் பைக் வழுக்கி என் கணவருக்குத் தொடை எலும்பு முறிந்த பிறகுதான், எங்கள் வீட்டுக்குள் கீழே ஒரு குளியலறை இல்லை என்பது ஒரு குறையாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கொல்லையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு மாடிப்படி கூடாது, கொல்லைக்கு இறங்கும் மூன்று படியும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாலில் கட்டிலைப் போட்டு, திரை ஒன்று கட்டினோம். திரைக்குப் பின்னால் நடந்ததை எழுதினால் அவர் வருத்தப்படுவார்.

ஹாலை ஒட்டி ஆறடிக்கு எட்டடியில் ஒரு குளியலறை. மேஸ்திரி வந்து அளந்து பார்த்துவிட்டு, "பத்து நாள் வேலக்கா. இதுக்குப் போயி பர்மிஷன்லாம் இன்னாத்துக்கு? எவன் வந்து பாக்கப் போறான்?" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் எங்கள் பின் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் அனுமதி இல்லையென்று நோட்டீஸ் ஒட்டி, பாதியில் வேலையை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் காகிதங்களோடு காலம் தள்ளியவள் நான். முறைப்படி கேட்டால் முறைப்படி கொடுப்பார்கள் என்று நம்பினேன்.

ஊரப்பாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த பொறியாளரைப் பிடித்து வரைபடம் போட்டு, விண்ணப்பத்தை ஆன்லைனில் ஏற்றினோம். பட்டா, பத்திரம், வரி ரசீது எல்லாவற்றையும் சேர்த்தோம். மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் ஒற்றை வரி: பதிவேட்டின்படி இது காலி மனை, இல்லாத கட்டடத்தில் கூடுதல் கட்டுமானத்துக்கு இடமில்லை.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் இளைஞர்தான், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், சிஸ்டத்துல உங்க மனை வேகன்ட்னுதான் காட்டுது."

"சார், நான் அதுலதான் குடியிருக்கேன். காலைல அங்கிருந்துதான் கிளம்பி வர்றேன்."

"புரியுது மேடம். ஆனா சிஸ்டத்துல வீடு இல்லையே."

வீட்டுக்கு வரி கட்டிய ரசீதைக் காட்டினேன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நீல ஜன்னல் வழியாகக் கொடுத்த ரசீது அது. "அது வரி செக்‌ஷன் மேடம், எங்களுக்கு அது ப்ரூஃப் இல்ல" என்றார். இரண்டு செக்‌ஷனுக்கும் நடுவில் பதினெட்டுப் படிகள். ஏறி இறங்கும்போது எண்ணினேன். வேறென்ன செய்வது?

கடைசியில், நேரில் வந்து பார்த்து வீடு இருக்கிறதென்று எழுதித் தருகிறோம் என்றார்கள். அதற்காகப் பதினேழு நாள் காத்திருந்தேன். வந்த அதிகாரி வயதானவர், நல்ல மாதிரி. ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தார், கணவரின் காலைப் பற்றி அக்கறையாக விசாரித்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்த வாரம் விண்ணப்பம் மறுபடியும் திரும்பியது. இந்த முறை, மனையில் கட்டடம் இருப்பது உறுதி செய்யப்பட்டிருந்தது. ஆகவே அது அனுமதியில்லாமல் கட்டிய கட்டடம். ஆகவே கூடுதல் கட்டுமானம் கூடாது.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. அன்றைக்கு அடுப்படியில் நின்று, திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மனிதருக்குக் கேட்கும்படி என்னென்னவோ சொன்னேன். அவர், "பழைய பிளான் இருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். அது எனக்கும் தெரியும். நாங்கள் கட்டியபோது இது ஊராட்சி. அனுமதி வாங்கி, முத்திரை குத்திய வரைபடம் கையில் இருந்தது. வெள்ளம் வந்த வருஷம் கீழ் அலமாரியில் இருந்த காகிதமெல்லாம் கூழாகப் போனபோது அதுவும் போயிற்று. அலுவலகத்தில் கேட்டால், "பழைய ஃபைல்லாம் மூட்டைல இருக்கு மேடம், தேடிச் சொல்றோம்" என்றார்கள். நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் மூட்டையில்தான் இருந்தது.

இன்னொரு பிரதி எங்கே இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது என்றுதான் இருந்தோம்.

எங்கள் மனையும் பக்கத்து மனையும் முன்பு ஒரே மனை. என் கணவரும் பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாயும் சேர்ந்து வாங்கி, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே தாளில் வரைந்து, ஒரே நாளில் அனுமதி வாங்கினார்கள். பிறகு ஒரு சமயம் பாய் மாடியை வாடகைக்கு விடுவதற்காக வெளிப்பக்கம் ஒரு படிக்கட்டு கட்டினார். ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் என் அடுப்படி தெரிந்தது. வாய்த் தகராறாகி, பிளானில் இல்லாத படிக்கட்டு என்று மனு கொடுப்பேன் என்று சொன்னேன். சொன்னது நான்தான், என் கணவர் அல்ல. மனு கொடுக்கவில்லை. ஆனால் அதோடு ஆறு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு கேட்டைத் தட்டினேன். பாய் லுங்கியோடு வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாம்மா. அவருக்கு இப்ப கால் எப்பிடி கீது?"

பதில் சொன்னேன். பிறகு, வந்த காரணத்தையும் எதையும் விடாமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படிக்கட்டைப் பார்த்தார்.

"அந்தத் தாளுல என் வூடும் கீது. இந்தப் படிக்கட்டு அதுல இல்ல. ஆபீஸ்ல அத விரிச்சா அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான் பாய். உங்ககிட்டத் தவிர வேற யார்கிட்டயும் இல்ல."

"பாக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை, ஆனாலும் கோபமாக இருந்தது. புதன்கிழமை மாலை அவர் மனைவி சுவருக்கு மேலாக ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். "கடைல பரண்மேல இருந்துச்சு. ரெண்டு நாளா தேடினாரு. பத்திரமா திருப்பிக் குடுத்துடு" என்றார்.

அலுவலகத்தில் அதே வயதான அதிகாரி தாளை மேஜையில் விரித்தார். தன் போட்டோக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விரல் பக்கத்து வீட்டின்மேல் போய் நின்றது.

"இங்க வெளிய ஒரு படிக்கட்டு இருந்துச்சே. இதுல காணோமே?"

"சார், நான் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மேஜையில் அவர் மார்பு உயரத்துக்கு ஃபைல்கள் இருந்தன. தாளை மடித்து என்னிடமே கொடுத்து, "சர்டிஃபைடு காப்பி எடுத்து அப்லோடு பண்ணிடுங்க" என்றார்.

அப்லோடு செய்ய மூன்று நாள் ஆனது. தாள் பெரியது, ஃபைல் அளவு சிறியதாக இருக்க வேண்டும், சிறியதாக்கினால் முத்திரை தெரியவில்லை. பொறியாளர் அதைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஏற்றினார். ஐந்து வாரம் கழித்து அனுமதி வந்தது. வந்த அன்று என் கணவர் கைத்தடி ஊன்றி, ஒவ்வொரு படியாக, மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் கட்டினோம். மேஸ்திரி சொன்ன பத்து நாள் இருபத்தாறு நாளானது, அது வேறு கதை. பாயிடம் தாளைத் திருப்பிக் கொடுக்கக் கணவரே நடந்து போனார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "பைப் விலை" என்றார்.

அனுமதி எண்ணை எழுதி வாசலில் போர்டு வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தேன். அன்றிலிருந்து தொல்லை வேறு விதமாக ஆரம்பித்தது. தெருவில் வீட்டை இடித்துக் கட்ட நினைக்கிற ஒவ்வொருவரும் பெல் அடித்தார்கள். நேர் வழியிலா வாங்கினீர்கள், எந்த புரோக்கர், யாரைப் பிடித்தீர்கள் என்று ஒரே கேள்வி. நான் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து வரிசையாகச் சொல்வேன். பாதியிலேயே அவர்கள் கண் வேறு பக்கம் போய்விடும்.

மூன்றாவது வீட்டுப் பெண் மட்டும் கடைசிவரை நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, "சொல்ல இஷ்டம் இல்லன்னா விட்டுடுங்கக்கா, பரவால்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.