மூன்றாம் பகுதியில் கோடிட்டு அடித்த வாக்கியம்

நான் கண்ணால் கண்டவற்றையும், கண்டவரை நேரில் கேட்டு இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். உரையாடல்கள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. ஒன்றிரண்டு சொற்கள் மாறியிருக்கலாம், பொருள் மாறவில்லை. இவ்வளவு எச்சரிக்கை என் பிறவிக் குணம் என்று எவரும் எண்ண வேண்டா. சரிபாராமல் எழுதிய ஒரு வாக்கியத்தால் ஒரு மனிதரை அவருடைய தெருவிலேயே தலைகுனிந்து நடக்கவைத்தவன் நான். அவ்வாக்கியத்தைத் திருத்தப் பட்ட பாட்டில் படிந்த வழக்கம் இது.

இரண்டாயிரமாம் ஆண்டை அடுத்து வந்த பத்தாண்டின் பிற்பகுதி அது. புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். புலவர் பட்டம் பெற்றவன். ஒற்று மிகும் இடத்தில் மிகாவிட்டால் உணவு செல்லாது. தமிழில் வலைப்பூக்கள் பெருகியிருந்த காலம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனை நெட் சென்டரில் நானும் ஒன்று தொடங்கினேன். உரிமையாளர் மூலையிலிருந்த கணினியை எனக்கென்றே ஒதுக்கி, என்னைப் ‘புலவரே’ என்று அழைப்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

வலைப்பூவில் நீண்ட செய்தியை ஒரே மூச்சில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. பகுதி பகுதியாக எழுதி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் முந்தைய பகுதிக்கும் அடியில் அடுத்த பகுதிக்கும் இணைப்பைக் கையாலேயே கொடுக்க வேண்டும். வார இதழில் தொடர் எழுதுபவருக்கு அடுத்த வாரம் கடிதம் வரும். எனக்கோ, ஒரு பகுதியை ஏற்றிவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் பின்னூட்டத்தில் மறுப்பு வந்து நிற்கும்.

அவ்வாறு நான் எழுதிய தொடர்களுள் ஒன்று பெத்தாங்க் போட்டியைப் பற்றியது. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ஆட்டம். எங்கள் ஊரில் கொத்தனாரும் எழுத்தரும் ஓய்வூதியக்காரரும் மாலையில் செம்மண் தரையில் சேர்ந்து ஆடுவது. முதலில் ஒரு சிறிய மரக்குண்டை எறிவார்கள். பிறகு இரு அணியினரும் இரும்புக் குண்டுகளை அதன் அருகில் போய் நிற்குமாறு வீசுவார்கள். எவர் குண்டு மிக நெருங்கியதோ அவர் அணிக்குப் புள்ளி. பதின்மூன்றை முதலில் தொடுபவர்க்கு வெற்றி. ஒவ்வொருவர் குண்டிலும் வெவ்வேறு வரிகள் செதுக்கப்பட்டிருக்கும். சுற்று முடிந்ததும் அவரவர் குண்டை அவரவர் பொறுக்கிக்கொள்வார்கள். இந்த வழக்கத்தை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் நேர்ந்த பிழை முழுவதும் இதிலிருந்து முளைத்தது.

எங்கள் தெரு அணியும் அரியாங்குப்பத்து அணி ஒன்றும் இறுதி ஆட்டத்தில் மோதின. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கடைசிச் சுற்றில் இரண்டு குண்டுகள் மரக்குண்டுக்கு அருகே ஏறத்தாழ ஒரே தொலைவில் நின்றன. ஒன்று அவர்களுடையது, மற்றொன்று எங்கள் அணியில் ஆடிய இருசக்கர வண்டி மெக்கானிக்குடையது. அளப்பதற்குள் அவருடைய குண்டை யாரோ தரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அளக்குமுன் எடுத்த குண்டு செல்லாது என்பது விதி. கோப்பை ஆற்றைக் கடந்து அரியாங்குப்பத்துக்குப் போயிற்று.

அப்போது நான் திடலில் இல்லை. அச்சேற வேண்டிய படிவம் ஒன்று காத்திருந்ததால் அரை மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டேன். மறுநாள் தேநீர்க்கடையில் கேட்டதைக் கொண்டு மூன்றாம் பகுதியை எழுதினேன். அதில் இப்படி ஒரு வாக்கியம்: ‘வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அளக்குமுன் தம் குண்டைத் தாமே எடுத்தார், கோப்பையை அரியாங்குப்பத்துக்குக் கொடுத்தார்.’ எடுத்தார், கொடுத்தார் என்று இரு வினைகளும் தராசுத் தட்டுகள்போல் நின்ற அழகில் மயங்கி, அதை மும்முறை படித்து மகிழ்ந்தேன்.

நெட் சென்டர்காரரும் மகிழ்ந்தார். அப்பகுதியை மட்டும் அச்செடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். “புலவரே, மூணாவது பாகம் சக்கப்போடு போடுது!” என்றார். படித்தவர்கள் நேரே மெக்கானிக் கடைக்குப் போனார்கள். “அண்ணே, டயர கழட்டாத, அளந்துட்டுக் கழட்டு!” என்று ஒருவர். “அவர் கையில எதுவும் குடுக்காதீங்கப்பா, அரியாங்குப்பத்துக்குப் போயிடும்!” என்று இன்னொருவர். அவர் மாலையில் திடலுக்கு வருவதை நிறுத்தினார். அணியில் அவருடைய இடத்துக்கு வேறொருவரைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான்காம் நாள் அவரே நெட் சென்டருக்கு வந்தார். கையில் கதவிலிருந்து கிழித்த தாள், விரல்களில் கிரீஸ்.

“ஐயா, இது நீங்க எழுதுனதா?”

“ஆமாம்.”

“நான் எடுத்தத நீங்க பாத்தீங்களா?”

“இல்லை. எல்லாரும் சொன்னார்கள்.”

“எல்லாருன்னா?”

தேநீர்க்கடைப் பக்கம் கைகாட்டினேன். “நீங்கள் எடுக்கவில்லை என்றால் எங்கே இருந்தீர்கள்? சொல்லுங்கள், இப்போதே எழுதிவிடுகிறேன்” என்றேன்.

“அன்னிக்கே அங்க சொன்னேன், எவன் கேட்டான்? இப்ப நான் சொல்லி நீங்க எழுதுனா, ‘அவரே சொல்லிக்கிறாரு’ம்பாங்க. என்னக் கேக்காமத்தான எழுதுனீங்க? என்னக் கேக்காமயே விசாரிங்க.”

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான்காம் பகுதி அன்றே எழுதப்பட்டது. மூன்றாம் பகுதியின் அவ்வாக்கியத்தை நான் பார்த்து எழுதவில்லை என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன். அவர் குனிந்து குண்டை எடுத்ததைத் தம் கண்ணால் கண்டவர் மட்டும் பின்னூட்டம் இடுக என்று கேட்டேன். வசைதான் மிகுதியாக வந்தது. ‘பல்டி அடிக்கிறீரா புலவரே’ என்று ஒருவர். ‘மெக்கானிக் ஓசியில சர்வீஸ் பண்ணித் தரேன்னாரா’ என்று ஒருவர். என்னிடம் வண்டியே கிடையாது. திடலில் இருந்தவர்களை வீடு வீடாகச் சென்றும் கேட்டேன். அவர் கையில் குண்டு இருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவர் குனிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அவருடைய வரியிட்ட குண்டு அவர் கையில் இருந்தது. தம் குண்டைத் தாமே எடுப்பதுதானே வழக்கம்! எஞ்சியதை மனம் நிரப்பிக்கொண்டது.

அப்போது பிரான்சிலிருந்து ஒரு வாசகர் புகைப்படம் ஒன்றை அனுப்பினார். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது தாமே எடுத்தது என்றும், ‘ஆதாரம் கேட்டீங்களே, இந்தாங்க’ என்றும் எழுதியிருந்தார். கூட்டத்தின் நடுவே மெக்கானிக் நிற்கிறார், வலக்கையில் குண்டு. நெட் சென்டர்காரர் எட்டிப் பார்த்து, “முடிஞ்சுது புலவரே, கையும் களவுமா” என்றார்.

மெய்ப்புத் திருத்துபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்து முடித்த வரியை மறுபடியும் வலமிருந்து இடமாகப் பார்ப்பான். அப்படியே படத்தையும் பார்த்தேன். அவருடைய இடக்கையிலிருந்து மஞ்சளாக ஏதோ தரைவரை தொங்கியது. “இதைப் பெரிதாக்குங்கள்” என்றேன். பெரிதாக்கியதும் நெட் சென்டர்காரரின் சிரிப்பு நின்றது.

“இன்ச் டேப்பு! டெய்லர் கழுத்துல போட்டிருப்பாரே, அது.”

திடலை ஒட்டிய சாலையில் இருந்தது ஒரே ஒரு தையற்கடை. தையற்காரரிடம் படத்தின் அச்சைக் காட்டினேன். அவர் பாய்ந்து எழுந்தார்.

“இது என் டேப்புங்க! இத வாங்கிட்டுப் போயி மூணு நாள் கழிச்சில்ல குடுத்தாரு. நடுவர் டேப்பு சிக்கிக்கிச்சாம், சுருள்லேர்ந்து வரலியாம். ஓடியாந்தாரு, கேக்கக்கூட இல்ல, என் கழுத்துலேர்ந்து உருவிகிட்டு ஓடுனாரு. அவரு இங்க நிக்கும்போதே அங்க ஒரே கூச்சல். ‘எடுத்துட்டான் எடுத்துட்டான்’னு.”

“அவர் இங்கே நிற்கும்போதேவா?”

“பின்ன? ‘எவன்டா எடுத்தான்’னு கேட்டுகிட்டே ஓடுனாரு. ரவிக்கைக்கு அளவு குடுத்துகிட்டிருந்த அம்மாகிட்ட கேளுங்க, அளவெடுக்கற நடுவுலதான் டேப்பு போச்சு.”

அந்த அம்மையாரின் வீட்டைத் தேடிச் சென்று கேட்டேன். அவரும் அவ்வாறே சொன்னார். அரியாங்குப்பத்துக்குப் பேருந்தில் சென்று, அன்று நடுவராக நின்றவரையும் பார்த்தேன். தம் இரும்பு நாடா சிக்கிக்கொண்டதையும், யாரோ ஒருவர் வேறு நாடா வாங்கிவர ஓடியதையும் ஒப்புக்கொண்டார். ஓடியவர் யார் என்று அவர் கவனித்திருக்கவில்லை.

புகைப்படமும் சாட்சிகளும் ஐந்தாம் பகுதியாயின. ஆறாம் பகுதிக்கு முன்பு மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். மூன்றாம் பகுதியிலிருந்து அவ்வாக்கியத்தையே நீக்கிவிடப் போவதாகச் சொன்னேன். திருகியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“வேணாங்க. எடுத்துட்டா நீங்க எழுதவே இல்லன்னு ஆயிடும். அப்பறம் எதுக்குப் பதில் எழுதுனீங்கன்னே புரியாது. அடிச்சி வைங்க, அடிச்சது தெரியட்டும்.”

“குண்டை உங்கள் கையில் கொடுத்தது யார்?”

“கூட்டத்துல பின்னாலேர்ந்து, ‘இந்தா உன் குண்டு’ன்னு ஒரு கை நீண்டுச்சு. டேப்ப எங்க வைக்கலான்னு நான் தரையப் பாத்துகிட்டிருந்தேன். மூஞ்சப் பாக்கல.”

மூன்றாம் பகுதியின் அவ்வாக்கியத்தின்மேல் குறுக்கே கோடிட்டேன். பகுதியின் தலைப்பிலேயே, இதில் அடிக்கப்பட்ட வாக்கியம் பொய், ஆறாம் பகுதி காண்க என்று குறித்தேன். ஆறாம் பகுதியில் ஐந்தே வாக்கியங்கள். அவர் எங்கே இருந்தார், அதைக் கண்டவர் யார் யார், நான் எங்கே இல்லை என்பன மட்டும். அணியும் அலங்காரமும் அற்ற அந்த ஐந்து வாக்கியங்களைவிட நல்ல உரைநடையை நான் அதற்குப் பின்னும் எழுதியதில்லை. இதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

நெட் சென்டர்காரர் இம்முறை ஒன்று முதல் ஆறுவரை வரிசையாக அச்செடுத்து, கதவின் கண்ணாடியே தெரியாதபடி ஒட்டினார். “உள்ள கரண்டு இருக்கா இல்லியான்னே வெளிய தெரியல புலவரே” என்று அலுத்துக்கொண்டார். ஆனால் பல நாள் அவற்றைக் கிழிக்கவில்லை. கடை திறக்குமுன் அங்கே நின்று படிப்பவர்களைத் தெருவின் மறுபுறத்திலிருந்து நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆறாம் தாளை அடையும்வரை எனக்கு நகர மனம் வந்ததில்லை. என் எழுத்தைப் பற்றி நான் நெஞ்சு நிமிர்ந்த தருணங்கள் அவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் திடலுக்கு வந்தார். அணியில் அவருடைய இடம் அவருக்கே இருந்தது. முதல் சுற்று முடிந்து குண்டைப் பொறுக்கக் குனிந்தபோது ஒருவர் கத்தினார்: “அண்ணே! அளந்துட்டு எடு!” அவர் நிமிர்ந்து, சட்டைப்பையிலிருந்து புத்தம்புது மஞ்சள் நாடாவை எடுத்து அனைவர்க்கும் காட்டினார். “இனிமே எவன் கழுத்துலேர்ந்தும் உருவ மாட்டேன்டா!” சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்று ஆட்டம் முடியும்வரை நான் அங்கேயே இருந்தேன்.

குண்டைத் தரையிலிருந்து எடுத்தவர் யார், அதை அவர் கையில் கொடுத்தவர் யார், இருவரும் ஒருவரா என்பன எனக்குத் தெரியா. அந்தக் குண்டு அரியாங்குப்பத்தாரின் குண்டைவிட நெருங்கி நின்றதா என்பதும் தெரியாது. அதை எவரும் அளக்கவில்லை.