மைதானத்தில் ஒரு விளக்கு அதிகம்

முத்துகிருஷ்ணனிடம் வண்டி கிடையாது. அந்தமானின் ஒரு சின்னத் தீவான ஹட் பேயில் அது ஒரு குறை.

இரவில் நோயாளியை ஏற்றிப்போக போர்ட் பிளேரிலிருந்து ஹெலிகாப்டர் வந்தால், வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மைதானத்துக்குப் போவார்கள். ஜீப், ஆட்டோ, பைக் எல்லாம் வட்டமாக நின்று, இறங்குமிடம் தெரிய முன்விளக்குகளைப் போடும். யாரும் உத்தரவிட்டதில்லை. வராதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர்கள் போவதில்லை, அவ்வளவுதான். முத்து கையில் டார்ச்சோடு போவான். அவனுக்கு டார்ச் முத்து என்றே பெயர்.

அப்பா ராமநாதபுரத்திலிருந்து பாமாயில் தோட்ட வேலைக்கு வந்தவர். தோட்டத்தை மூடிய பிறகு மகன் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டான். கல்யாணம், காதுகுத்து, துர்கா பூஜை, எதற்குக் கூப்பிட்டாலும் போவான். மனைவி மல்லிகாவின் வளையல்களை விற்று ட்ரோன் வாங்கினான். அதன் அடியில் சின்ன விளக்கு இருந்தது. அது முதலில் பறந்த அன்று தெருவே அண்ணாந்து பார்த்தது.

"டார்ச்சுக்கு ரெக்க மொளச்சிருச்சுடா" என்றான் ராக்கப்பன்.

ராக்கப்பன் முத்துவோடு படித்தவன். சின்ன காண்டிராக்டர், சொந்த ஜீப். அவன் மனைவி பானுமதிக்குப் பிரசவமான அன்று ரத்தம் நிற்கவில்லை. கப்பல் மறுநாள்தான். டாக்டர் ஹெலிகாப்டர் கேட்டார். தீவில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். அன்று மேகமும் தாழ்ந்து கிடந்தது.

மைதானத்தில் வண்டிகள் நின்றன. ஆம்புலன்சுக்கும் ஜீப்புக்குமாக நடந்துகொண்டிருந்த ராக்கப்பன், முத்துவின் கையிலிருந்த ட்ரோன் பெட்டியைப் பார்த்து நின்றான்.

"மாப்ளே, அதுல லைட் இருக்குல்ல?"

"இருக்கு."

"தூக்கு மேல. கீழ நிக்கிற லைட்டு இந்த மேகத்துல தெரியுமா? ஒசரத்துல ஒண்ணு நின்னா அதப் பாத்து நேரா எறங்குவான்."

முத்து யோசிக்கவில்லை. வட்டத்தில் முதன்முறையாக அவனுடைய விளக்குதான் உயரத்தில் நின்றது.

கடல் பக்கமிருந்து ஹெலிகாப்டர் சத்தம் வந்தது. தாழ்ந்தது. சட்டென்று சரிந்து விலகியது. போலீஸ் ஹவல்தாரின் வயர்லெஸ் இரைந்தது. அவர் தீவிலேயே பிறந்தவர், இந்தியும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"ஊபர் க்யா உட் ரஹா ஹை? மேல பறக்குறது யார்து? இறக்கு, இறக்கு!"

முத்து அதை இறக்குவதற்குள் சத்தம் தேய்ந்துவிட்டது. திரும்பிப் போகும் அளவுக்குத்தான் எரிபொருள் இருந்ததாம். காலையில் வருவதாகச் சொன்னார்கள்.

பானுமதி காலைவரை இருக்கவில்லை. குழந்தை இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையானவர். இருட்டில் தனியாகத் தெரியும் விளக்கு பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று விமானிக்குப் பிடிபடாது என்றார். தாழ்ந்து வரும்போது விலக இடமும் இருக்காது. அந்தச் சின்னப் பொருள் விசிறியில் பட்டிருந்தால் உள்ளே இருந்தவர்கள் மட்டுமல்ல, கீழே வண்டியோடு நின்றவர்களும் போயிருப்பார்கள்.

"யார் பறக்கவிடச் சொன்னது?"

முத்து ராக்கப்பனைப் பார்த்தான். ராக்கப்பன் மழித்த தலையோடு நின்றான்.

"யாரும் சொல்லல சார். வீடியோ எடுக்க விட்டிருப்பான்."

ட்ரோனை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு அது போதவில்லை. அதன்பின் இரவில் ஹெலிகாப்டர் வரும்போதெல்லாம் ஹவல்தார் முத்துவின் வாசலுக்கு வந்தார். அது போகும்வரை அவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டும். சட்டம் எதுவும் இல்லை. ஊர் கேட்டது, அவர் செய்தார்.

"ட்ரோன் உங்ககிட்டதான சார் இருக்கு?"

"ட்ரோன் இருக்கு. நீ வெளிய இருக்கியே. சலோ, டார்ச்."

ராக்கப்பன் ஒருமுறை, ‘நான்தான் தூக்கச் சொன்னேன்’ என்றால் போதும். முத்து அதற்குக் காத்திருந்தான். குழந்தை நடக்கத் தொடங்கியது. ராக்கப்பன் சொல்லவில்லை.

பிறகு ஓர் இரவு மல்லிகாவுக்குக் குடல்வால் வெடித்தது. மைதானத்தில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த முத்துவின் தோளில் ஹவல்தார் தட்டினார்.

"சார், எம் பொண்டாட்டி சார். கூடப் போக வேற ஆளில்ல."

"நர்ஸ் போகும். சலோ."

வட்டத்தில் முதல் வண்டி ராக்கப்பனுடையது. முத்து அதன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"மாப்ளே, இப்பவாவது சொல்லுடா. நீ சொல்லித்தான தூக்குனேன்? சொன்னா என்னைய விட்ருவாங்க. நான் அவகூடப் போவேன்."

எல்லோரும் ராக்கப்பனைப் பார்த்தார்கள். அவன் குனிந்து முத்துவின் காதருகே பேசினான்.

"நான் சொன்னேன்னா பானுவ நான் கொன்னதா ஆயிரும். அது உங்கிட்டயே இருக்கட்டும்."

நிமிர்ந்து விளக்கைப் போட்டான்.

பெஞ்சிலிருந்து முத்து கேட்டான். சத்தம் வந்தது, தாழ்ந்தது, கொஞ்ச நேரத்தில் எழுந்து போனது. ஒரு தடங்கலும் இல்லை.

"தேக்கா? பாத்தியா?" என்றார் ஹவல்தார் சந்தோஷமாக. "நீ இங்க உக்காந்தா கரெக்டா எறங்குது."

மல்லிகா பிழைத்துக் கப்பலில் திரும்பினாள். முத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான், ராக்கப்பன் காதில் சொன்னதையும் சேர்த்து. அவள் கேட்டுக்கொண்டாள்.

மழை பிடித்த பிறகு ஒரு மாலை, பஜாரில் யாருக்கோ நெஞ்சுவலி, ஹெலிகாப்டர் வருகிறது என்றார்கள். ஹவல்தார் இன்னும் வந்திருக்கவில்லை. மல்லிகா கொடியிலிருந்து சட்டையை எடுத்து முத்துவிடம் நீட்டினாள்.

"ஸ்டேஷனுக்குக் கெளம்புங்க. அவங்களும் பொழைக்கட்டும்."